ஆலிவ், சூரியகாந்தி, தேங்காய், ஜோஜோபா: முகத்துக்கு எது?

தேங்காய் எண்ணெய் ஒருவருக்குத் தோலைப் பட்டுப்போல ஆக்கிவிடுகிறது. இன்னொருவருக்கு மூன்றாம் நாளே கன்னமெல்லாம் குட்டிக் குட்டிப் பருக்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தோலும் வேறு, அந்த எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களை அது ஏற்கும் விதமும் வேறு. 'இயற்கையானது' என்று லேபிளில் போட்டிருப்பதை வைத்து இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் ஆலிவையும் சூரியகாந்தியையும் எடுத்துக்கொள்வோம். பெயர் என்னவோ ஆலிவுக்குத்தான். ஆனால் அதில் பெரும்பங்கு ஒலெயிக் அமிலம். தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. செல்கள் செங்கல், நடுவில் இருக்கும் கொழுப்பு சாந்து. ஒலெயிக் அமிலம் அந்தச் சாந்தைக் குலைத்து வழி உண்டாக்கும். மருந்தைத் தோலுக்குள் செலுத்துவதற்கான கலவைகளில் அதைச் சேர்ப்பதே இதற்காகத்தான். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் அதிகம் இருப்பது லினோலெயிக் அமிலம், சுமார் 60 சதவீதம். உடல் அந்தச் சாந்தைக் குழைக்கவே அது வேண்டும்.

2013இல் வெளியான ஓர் ஆய்வில் 12 பேரை ஒரு முன்கையில் ஆலிவ், மறு முன்கையில் சூரியகாந்தி என்று தினம் இரண்டு வேளை ஆறு ஆறு சொட்டு தடவச் சொன்னார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால், ஆலிவ் தடவிய கையில் தோலின் தடுப்புச் சுவர் பலவீனப்பட்டு லேசாகச் சிவந்தும் இருந்தது. சூரியகாந்தி தடவிய கையில் சுவர் அப்படியே இருந்தது, ஈரப்பதமும் கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஒரு குளிர்காலம் முழுக்க ஆலிவ் பூசிக்கொண்டு, மேலே பளபளப்பும் மூக்கோரம் செதிலுமாகத் திரிந்த எனக்கு அது போதும். ஒரு எச்சரிக்கை: 'ஹை ஒலெயிக்' என்று எழுதியிருக்கும் சூரியகாந்தி வேறு ரகம். பெயரில்தான் சூரியகாந்தி, குணத்தில் ஆலிவ் பக்கம்.

தேங்காய் எண்ணெய் தனிக் கட்சி. கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம், மொத்தத்தில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. 24 டிகிரிக்குக் கீழே போனால் புட்டியில் வெள்ளையாக உறைந்துவிடுவதும் அதனால்தான். வறண்ட கால், முழங்கை, வெடித்த குதிகால் என்றால் தயங்காமல் தடவலாம். அடோபிக் எக்ஸிமா (தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய்) இருந்த 117 குழந்தைகளை வைத்து 2014இல் வந்த ஆய்வில், எட்டு வாரத்தில் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பரு வரும் முகத்தில் நான் வைக்க மாட்டேன். எண்ணெய்களுக்கு 0 முதல் 5 வரை 'துளை அடைக்கும்' மதிப்பெண் போட்ட பட்டியல்கள் சுற்றுகின்றனவே, அவற்றின் வேர் முயல் காதில் செய்த சோதனைகள். மனித முகத்துக்கு அப்படியே பொருந்தாது. அதனால் பட்டியலைவிட என் கண்ணாடியைத்தான் நம்புகிறேன்.

ஜோஜோபா உண்மையில் எண்ணெயே இல்லை, திரவ மெழுகு. நம் தோல் சுரக்கும் சீபத்திலும் கால்வாசி மெழுகு வகைதான். அதனாலோ என்னவோ இரண்டு மூன்று சொட்டு விட்டால் பிசுபிசுப்பில்லாமல் அடங்கிவிடுகிறது. சீக்கிரம் கெடவும் செய்யாது. ரோஸ்ஹிப், அதாவது காட்டு ரோஜாக் காயின் விதை எண்ணெய், கெடுவதில் நேர் எதிர். லினோலெயிக் நிறைய இருக்கிறது. பரு உள்ளவர்களின் சீபத்தில் அது குறைவாக இருக்கும் என்பதால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. அதற்காகப் பருவுக்கு மருந்து என்று நம்பிவிடக் கூடாது. பெரிய தொல்லை, அதிலுள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். ஓவியர்களின் ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டுக் காய்ந்து இறுகுவது இதே அமிலத்தால். ஆறு மாதமாக ஜன்னலோரம் இருந்த ரோஸ்ஹிப் புட்டியைத் திறந்து பார்த்தேன். பழைய பெயிண்ட் டப்பா வாடை! சின்னக் கருப்புப் புட்டியாக வாங்கி ஃபிரிட்ஜில் வைக்க முடியாதவர்கள் ஜோஜோபாவோடு நிற்பது நல்லது.

விளக்கெண்ணெய் முகத்துக்கு ரொம்பக் கனம், உதட்டுக்குச் சரி. அப்புறம் டீ ட்ரீ, பெர்கமாட் எல்லாம் இந்த வரிசையிலேயே வராது. அவை வாசனை எண்ணெய்கள், நேராகத் தடவினால் புண்ணாக்கிவிடக்கூடும். பெர்கமாட் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருக்கும்.

எண்ணெயில் தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. இருக்கும் ஈரத்தை மூடி வைக்கத்தான் தெரியும், அதிலும் பெட்ரோலியம் ஜெல்லிக்குப் பக்கத்தில்கூட எந்தத் தாவர எண்ணெயும் வராது. குளித்ததும் துண்டால் ஒற்றி, தோல் இன்னும் சில்லென்று இருக்கும்போதே மூன்று சொட்டு சூரியகாந்தியை ஒரு காலில் தடவுங்கள். மறு காலில் அரை மணி கழித்து, நன்றாகக் காய்ந்த பிறகு. சாயங்காலம் இரண்டு காலிலும் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு எந்தக் காலில் விழுகிறது என்று தெரியும்.