உள்ளிருந்து போடுவதா, வெளியிலிருந்து போடுவதா? கனடா ஸ்பான்சர்ஷிப்பில் காத்திருக்கும் மாதங்கள்

மாப்பிள்ளை டொராண்டோவில் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) பெற்றவர், பெண் காரைக்குடியில். திருப்பூட்டி (செட்டிநாட்டில் தாலி கட்டும் சடங்கு) முடிந்த மூன்றாம் வாரமே மாப்பிள்ளை விமானம் ஏறியாக வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் ஓடுவது ஒரே பேச்சுதான். விசிட்டர் விசாவில் பெண்ணை அனுப்பிவிட்டு அங்கிருந்து ஸ்பான்சர் போடுவதா, இங்கிருந்தே போட்டுவிட்டுக் காத்திருப்பதா?

கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. கனடாவில் கணவன் மனைவிக்கு இரண்டு வகை விண்ணப்பம் உண்டு. ஒன்று ‘கனடாவில் உள்ள துணை’ என்ற வகுப்பு. பேச்சுவழக்கில் இன்லேண்ட். மற்றது ‘குடும்ப வகுப்பு’, அதாவது அவுட்லேண்ட். இன்லேண்ட் போடுகிறவர் கனடாவில், ஸ்பான்சரோடு ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும். அவுட்லேண்ட் போடுகிறவர் வெளியில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அவுட்லேண்ட் போட்டுவிட்டு, சட்டப்படி விசிட்டராகக் கனடாவில் கணவரோடு தங்கலாம். ஏஜென்டுகள் பலர் இந்த மூன்றாம் வழியைச் சொல்வதே இல்லை. பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் பொருந்தும் என்பது எங்கள் கணிப்பு.

எந்த வழியானாலும், அங்கே காத்திருக்கும் மாதங்களில் ‘ஸ்டேட்டஸ்’ (சட்டப்படி தங்கும் தகுதி) அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

விசா வேறு, ஸ்டேட்டஸ் வேறு

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் பத்து வருஷம் என்றுகூடப் போட்டிருக்கலாம். அது வாசல் வரை வருவதற்கான சீட்டு. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார். அவர் தேதி எதுவும் எழுதாமல் முத்திரை மட்டும் குத்தினால், இறங்கிய நாளிலிருந்து ஆறு மாதம். மார்ச் 10-ல் இறங்கினால் செப்டம்பர் 10 வரை. முத்திரைக்குக் கீழே கையால் ஒரு தேதி எழுதியிருந்தால் அந்தத் தேதிதான் கணக்கு. விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 10-க்கு முன்பே நீட்டிப்புக்கு மனுப் போட வேண்டும். படிவம் ஐ.எம்.எம். 5708, கட்டணம் 100 டாலர், எல்லாம் ஆன்லைனில். முப்பது நாள் முன்கூட்டிப் போடச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தை வைத்துக்கொள்வது நல்லது. உரிய காலத்தில் போட்டுவிட்டால், முடிவு வரும் வரை பழைய நிபந்தனைகளிலேயே தங்கலாம். இதற்கு ‘பராமரிக்கப்பட்ட ஸ்டேட்டஸ்’ என்று பெயர். செப்டம்பர் 10 தாண்டி டிசம்பர் வந்தாலும் நீங்கள் சட்டப்படிதான் இருக்கிறீர்கள்.

இடறும் இடங்கள் மூன்று. முதலாவது பாஸ்போர்ட். அது முடியும் தேதிக்கு மேல் நீட்டிப்புத் தரமாட்டார்கள். எட்டு மாதத்தில் முடியும் பாஸ்போர்ட்டோடு கிளம்பாமல், ஊரிலேயே புதுப்பித்துவிட்டுப் போங்கள். இரண்டாவது, மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போவது. போனால் அந்தப் பராமரிப்பு அறுந்துவிடும். திரும்பி வரும்போது புதிதாக அனுமதி பெற்றுத்தான் நுழைய வேண்டும். மூன்றாவது மறதி. தேதி தாண்டிவிட்டால் 90 நாளுக்குள் ‘மீட்டெடுப்பு’ மனுப் போடலாம், கட்டணம் கூடுதல். 90 நாளும் தாண்டினால் அந்தக் கதவும் மூடிவிடும்.

ஸ்பான்சர் விண்ணப்பம் போட்டுவிட்டால் ஸ்டேட்டஸ் தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் உலாவுகிறது. வராது. ஸ்பான்சர் விண்ணப்பம் ஒரு கோப்பு, விசிட்டர் நீட்டிப்பு இன்னொரு கோப்பு. இரண்டையும் தனித்தனியே கவனிக்க வேண்டும்.

ஸ்டேட்டஸ் அறுந்துபோனவருக்கும் இன்லேண்டில் ஒரு சலுகை இருக்கிறது. 2005-ல் வந்த பொதுக்கொள்கையின்படி, அனுமதிக் காலம் தாண்டித் தங்கிவிட்டதை மட்டும் காரணமாக வைத்துத் துணையின் விண்ணப்பத்தைத் தள்ளுவதில்லை. விழுந்தவருக்கு விரித்த வலை அது. வலை இருக்கிறதே என்று குதிக்கக் கூடாது.

எதிரெதிரே வைத்துப் பார்த்தால்

நிராகரித்தால் என்ன ஆகும்? அவுட்லேண்டில் ஸ்பான்சர் 30 நாளுக்குள் குடியேற்ற மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். திருமணம் உண்மையானது என்று அங்கே சாட்சி சொல்லலாம், புது ஆதாரம் வைக்கலாம். இன்லேண்டில் அந்த உரிமை இல்லை. கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதி மறுஆய்வு கேட்கலாம். அதற்கும் முதலில் அனுமதி வாங்க வேண்டும், காலக்கெடு 15 நாள். அங்கே பார்ப்பது அதிகாரியின் முடிவு நியாயமானதா என்பதை மட்டும். பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணத்தில், நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே இரண்டு மாதம்தான், நேரில் சந்தித்தது மூன்று முறைதான் என்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வர இடமுண்டு. அப்படிப்பட்ட கோப்புக்கு மேல்முறையீடு இருப்பது பெரிய பலம்.

ஊருக்கு வந்துபோவது எப்படி? இதில்தான் செட்டிநாட்டு வீடுகள் அடிபடுகின்றன. படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வர வேண்டும், நகரக் கோயில் (நகரத்தார் கோயில்) கும்பாபிஷேகத்துக்கு வர வேண்டும், அப்பச்சிக்குச் (அப்பாவுக்கு) சாந்தி, அதாவது மணிவிழா, வைத்திருக்கிறது. அவுட்லேண்ட் போட்டவர் விமானம் ஏறி வந்துவிட்டுப் போனாலும் விண்ணப்பத்துக்கு ஒன்றும் ஆகாது. இன்லேண்ட் போட்டவர் வெளியே வந்து, திரும்பும்போது எல்லையில் நிறுத்தப்பட்டால், ‘கனடாவில் சேர்ந்து வாழ்கிறார்’ என்ற அடிப்படையே ஆடிவிடும். ஒரு வருஷத்துக்குள் ஊர்ப் பயணம் ஒன்றாவது நிச்சயம் என்றால் இன்லேண்டை மறந்துவிடுங்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கமும் இதே தட்டில்தான் எடை சேர்க்கிறது. விசிட்டராக இருப்பவர் தனியார் மருத்துவக் காப்பீட்டை நம்பித்தான் இருக்க முடியும். விசிட்டர் பாலிசிகள் பெரும்பாலும் சாதாரணப் பிரசவச் செலவை ஏற்பதில்லை. பிரசவத்துக்கு ஊருக்கு வந்தால், குழந்தை பிறந்ததும் அதை விண்ணப்பத்தில் அறிவித்தே ஆக வேண்டும். பி.ஆர். கிடைக்கும் நேரம் வரை அறிவிக்காமல் விட்டால், பிறகு அந்தக் குழந்தையைக் குடும்ப வகுப்பில் ஸ்பான்சர் செய்யும் வழி பொதுவாக அடைபட்டுவிடும்.

வேலை? ஒரு காலத்தில் இன்லேண்டின் பெரிய கவர்ச்சியே திறந்த வேலை அனுமதிதான். 2023 மே மாதத்துக்குப் பிறகு, கனடாவில் ஸ்பான்சரோடு ஸ்டேட்டஸோடு வாழும் குடும்ப வகுப்பு விண்ணப்பதாரர்களுக்கும் அது திறந்துவிட்டது. விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகைக் கடிதம் வந்தபின் ஐ.எம்.எம். 5710 படிவத்தில், 255 டாலர் கட்டிக் கேட்க வேண்டும். இது தற்காலிகக் கொள்கை. மனுப் போடும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று அரசுத் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அனுமதி கைக்கு வரும்வரை தெரிந்தவர் கடையில் கல்லாவில் உட்காருவதுகூடச் சட்டமீறல். சென்னை கம்பெனி வேலையை லேப்டாப்பில் தொடர்வது வேறு. வெளிநாட்டு முதலாளிக்கு, வெளிநாட்டிலிருந்து சம்பளம் என்றால் விசிட்டர் செய்யலாம்.

விசிட்டர் விசாவே கிடைக்குமா என்பது அவுட்லேண்டைவிட இன்லேண்டுக்கே பெரிய தலைவலி, ஏனென்றால் உள்ளே போனால்தான் மனுவே. கணவர் கனடாவில் இருப்பதை மறைத்து ‘சுற்றிப் பார்க்க’ என்று எழுதுவதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது. பொய்த்தகவல் என்று முடிவானால் ஐந்து வருஷத் தடை. கனடாவின் குடியேற்றச் சட்டம் பிரிவு 22(2) இரட்டை நோக்கத்தை ஒப்புக்கொள்கிறது. நிரந்தரமாக வர விரும்புகிறேன், ஆனால் பி.ஆர். கிடைக்காவிட்டால் காலம் முடியுமுன் திரும்பிவிடுவேன் என்று ஒருவர் வெளிப்படையாகவே சொல்லலாம். ஸ்பான்சர் விண்ணப்பத்தின் ஒப்புகைக் கடிதத்தையும் இணைத்து விசிட்டர் விசா கேட்பதே நேர்வழி.

மாப்பிள்ளை பக்கம் ஒரு எச்சரிக்கை. பி.ஆர். வைத்திருப்பவர் ஸ்பான்சர் செய்ய வேண்டுமானால் கனடாவில் வசிக்க வேண்டும். மனைவியோடு காத்திருக்கலாம் என்று அவரும் காரைக்குடிக்கு வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்தால் ஸ்பான்சர் தகுதியே கேள்விக்குள்ளாகும். குடியுரிமை பெற்றவருக்கு இந்தக் கட்டு தளர்வு, மனைவிக்கு பி.ஆர். கிடைத்ததும் கனடா திரும்பி வசிப்பேன் என்று காட்டினால் வெளியிலிருந்தும் போடலாம். மனைவியின் அடிப்படைச் செலவுகளுக்கு ஸ்பான்சர் தரும் பொறுப்பேற்பு இருவருக்கும் மூன்று வருஷம். பர்மா, மலேயாவுக்கு மேலாளாக (வட்டிக்கடை ஏஜென்டாக) போனவர்களின் கணக்கும் மூன்று வருஷம்தான். அப்போது ஆச்சிமார் காத்திருந்தது முற்றத்தில்.

ஊரிலேயே முடிக்க வேண்டிய காகிதங்கள்

இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்தம்) எழுதிக் கையெழுத்தாகிவிட்டது, கோயில் புத்தகத்தில் புள்ளி (தனிக் குடும்பமாகப் பதிவு) ஏறிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். குடியேற்றத் துறைக்கு வேண்டியது பதிவாளர் தரும் திருமணச் சான்றிதழ். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். மாப்பிள்ளை மூன்றாம் வாரமே பறந்துவிடுவதால் உங்களுக்கு இருப்பது 20 நாள்தான். கல்யாணம் நடந்த இடத்துக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில், மறுவீடு முடிந்த கையோடு வேலையை முடித்துவிடுங்கள்.

இசைகுடிமானம் வீண் என்று அர்த்தமில்லை. இரண்டு குடும்பமும் ஒப்பி எழுதிய காகிதம் என்பதால் உறவு உண்மை என்பதற்குத் துணை ஆதாரமாக வைக்கலாம். தமிழில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரமும், மூலத்தின் சான்றளித்த நகலும் வேண்டும். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த சித்தப்பா மொழிபெயர்த்தால் செல்லாது. உறவினர் செய்யக் கூடாது என்பது விதி.

போட்டோக்கள் அதிகபட்சம் இருபது. மூவாயிரம் படம் உள்ள ஆல்பத்திலிருந்து பொறுக்க வேண்டும். கழுத்திரு (செட்டிநாட்டுத் தாலி) பூட்டும் படம் ஒன்று, இரு வீட்டுப் பெரியவர்களோடு ஒன்று, வேறுவைத்த (தனிக்குடித்தனம் வைத்த) அன்று எடுத்தது ஒன்று, மீதியெல்லாம் வெவ்வேறு தேதிகளில், வெவ்வேறு இடங்களில், சாதாரண உடையில். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் என்று எழுதுங்கள். இருபதும் மேடையில் எடுத்ததாக இருந்தால் ஒரே நாளின் ஆதாரம்தான் கையில் இருக்கும்.

பெயர்தான் கோப்பைத் திருப்பி அனுப்ப வைக்கும் சின்ன முள். கல்யாணப் பத்திரிகையில் விலாசத்தோடு (குடும்ப அடையாள எழுத்துகளோடு) மூன்று இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால், முழுப் பெயரையும் படிவத்தின் குடும்பப்பெயர் கட்டத்தில் எழுதி, இயற்பெயர் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். வேறுபாடுகளுக்கு ‘இருவரும் ஒருவரே’ என்று நோட்டரி முன் ஒரு பத்திரம்.

போலீஸ் சான்றிதழுக்குக் காரைக்குடி, தேவகோட்டை மதுரை பாஸ்போர்ட் மண்டலம். பொன்னமராவதி, திருமயம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம் என்பதால் திருச்சி. கனடா போன பிறகு இதை வாங்குவது சுற்றுவழி, ஊரில் இருக்கும்போதே முடிப்பது எளிது.

மற்ற நாடுகளில் இந்தக் கணக்கு செல்லாது

பிரிட்டனில் விசிட்டராகப் போய் உள்ளிருந்தே துணை விசாவுக்கு மாற முடியாது. திரும்பி வந்துதான் போட வேண்டும். ஆஸ்திரேலியாவில் உள்ளே போய் 820 என்ற துணை விசாவுக்குப் போடலாம், முடிவு வரும்வரை தங்க பிரிட்ஜிங் விசா ஏ கிடைக்கும், ஊருக்கு வந்து திரும்ப பிரிட்ஜிங் பி தனியே வாங்க வேண்டும். ஆனால் விசிட்டர் விசாவிலேயே 8503 என்ற நிபந்தனை இருந்தால், அதற்கு விலக்கு வாங்காமல் உள்ளே எதுவும் போட முடியாது. விசா வழங்கிய கடிதத்தை எடுத்து முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள். அமெரிக்கக் குடிமகனின் மனைவி முறையாக நுழைந்திருந்தால் உள்ளிருந்தே போடலாம், ஆனால் பயண அனுமதி வாங்காமல் வெளியே வந்தால் கோப்பு கைவிடப்பட்டதாகிவிடும். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கி வெளியேறினால் மூன்று வருஷம், ஒரு வருஷம் ஆனால் பத்து வருஷம் தடை. சிங்கப்பூர் கல்யாணத்துக்கு முன்பே பி.எம்.எல்.ஏ. மதிப்பீடு செய்துகொள்ளச் சொல்கிறது. அமலாக்கத்துறைச் சட்டம் என்று பயப்பட வேண்டாம், நீண்டகால வருகை அனுமதிக்கான முன்மதிப்பீடு அது.

கடைசியாகப் பெட்டி. விசிட்டராகப் போகும் பெண்ணின் சூட்கேஸில் சீர் வெள்ளியும் குத்துவிளக்கும் சான்றிதழ்களின் அசலும் இருந்தால், ஆறு மாதத்தில் திரும்புவேன் என்ற பேச்சை எல்லை அதிகாரி எப்படி நம்புவார்? வெள்ளிச் சாமான் வளவு வீட்டு அறையிலேயே இருக்கட்டும். பி.ஆராக முதல்முறை இறங்கும் அன்று ‘பின்னால் வரும் பொருட்கள்’ பட்டியலில் எடை, மதிப்போடு எழுதிக் கொடுத்துவிட்டால், குடியேறுபவரின் உடைமையாகப் பிறகு சுங்கமின்றிக் கொண்டுபோகலாம். பட்டியலில் விட்டுப்போன பொருளுக்கு வரி விழலாம். ஆச்சியை உட்காரவைத்துச் சீர் ஏட்டைப் பார்த்து எழுதுங்கள்.