‘60 வருஷத்துத் தேக்கு’ என்று நம்பி 19,500 ரூபாயைத் தொலைத்தேன்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யாராவது பழைய வீடு பிரித்த மரம் வாங்க யோசித்துக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். எனக்கு 19,500 ரூபாய் போய்விட்டது. போய் இரண்டு வாரம் ஆகிறது, கோபம் இன்னும் இறங்கவில்லை. மரம் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். தச்சுவேலை பொழுதுபோக்கு. 2020 ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது, பக்கத்துத் தெரு ஆசாரி அண்ணாச்சியிடம் மரத்தைச் சீவி வழவழப்பாக்குகிற ஒரு பழைய இழைப்புளியைக் கேட்டு வாங்கி ஆரம்பித்தது. அஞ்சறைப் பெட்டி, முக்காலி, பிள்ளைகளுக்குப் புத்தக அலமாரி என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். முதல் முக்காலி ஆடும், இப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்ததாக மனசில் இருந்தது ஒரு கண்ணாடி ஷோகேஸ். அம்மாவுக்குச் சீதனமாக வந்த வெண்கலப் பாத்திரங்கள், ஒரு பெரிய உருளி, இரண்டு கிண்டி, ஒரு கோளாம்பி, எல்லாம் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. 5 அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழத்தில் ஒரு பெட்டி செய்து, சித்திரை விஷுவுக்குக் கனி வைப்பதற்குள் அவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். உருளி மட்டுமே 9 கிலோ. தட்டுக்கு நல்ல மரம் வேண்டாமா?

புதுத் தேக்கு மரக்கடையில் விலை கேட்டேன். கேட்டதோடு திரும்பி வந்துவிட்டேன். அப்போதுதான் பழைய சாமான் விற்கும் ஒரு ஆப்பில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘தக்கலை அருகே 60 வருடப் பழைய வீடு பிரித்த தேக்குப் பலகை, கன அடி 2,600 மட்டும்.’ படத்தில் ஆணி ஓட்டைகளோடும் சுண்ணாம்புக் கறையோடும் அடுக்கி வைத்த பலகைகள். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிற வட்டாரம். 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் அந்தப் பக்கத்தில் மரத்தை இழைத்து இழைத்துக் கட்டிய ஓட்டு வீடுகளுக்குக் குறைவில்லை. அவற்றைப் பிரித்து கான்கிரீட் போடுகிறவர்களுக்கும் குறைவில்லை. அரண்மனைக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் கூரையில் செதுக்கியிருக்கிற பூக்களைக் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துவிட்டு வருகிறவள் நான். அந்த ஊர் மரம் என்றதும் மனசு அங்கேயே பாதி விழுந்துவிட்டது.

போன் செய்தேன். எடுத்தவர் அப்படி ஒரு பணிவு. “அக்கா, நல்ல வைரம் பாஞ்ச தேக்காக்கும். 60 வருஷம் காஞ்சது, ஒரு நூல் வளையாது.” ஒரு நூல் என்றாரே, அந்தச் சொல் என்னை இன்னும் கொஞ்சம் சாய்த்தது. அது ஆசாரிகள் பேசுகிற அளவு, இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. பிறகு, “எங்க அப்பாவும் ஆசாரியாக்கும். மரத்துல பொய் சொன்னா எனக்குச் சோறு இறங்காது” என்றார். சாம்பிள் வேண்டும் என்றேன். மறுநாளே ஒரு பையன் ஸ்கூட்டரில் ஒரு அடி நீளத் துண்டு கொண்டுவந்து தந்தான், காசு கூட வாங்கவில்லை.

அந்தத் துண்டை இழைத்துப் பார்த்தேன். நல்ல தேக்கு. எண்ணெய்ப் பிசுக்கு கையில் தெரிந்தது, புதுத்தோல் செருப்புப் போல ஒரு வாசனை, வெட்டுமுகத்தில் வளையங்கள் வரிசையாக. அப்படியே நம்பினேன். இப்போது யோசித்தால் எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது. ஒரு துண்டைப் பார்த்து 28 பலகையை வாங்கினேன். ஒரு சோற்றுப் பதம் மரத்துக்கு ஒத்துவராது.

6 அடி நீளம், 6 இஞ்சு அகலம், ஒரு இஞ்சு கனத்தில் 28 பலகை. பலகைக்குக் கால் கன அடி வீதம் மொத்தம் 7 கன அடி, 18,200 ரூபாய். வண்டிக்கூலி 1,300. ஆக 19,500. முன்பணம் 5,000 போனிலேயே அனுப்பினேன். மிச்சத்தை இறக்கும்போது தந்தால் போதும் என்றார். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடித்துப்போனது.

டெம்போ வந்தது இரவு எட்டரை மணிக்கு. மதியம் வருவதாகத்தான் பேச்சு. போர்டிகோ லைட் வெளிச்சத்தில், டிரைவர் அவசரப்படுத்த, மேலே இருந்த பலகையை மட்டும் தொட்டு முகர்ந்து பார்த்தேன். தேக்கு. “மிச்சத்தைப் போட்டுவிடுங்கக்கா, முதலாளி சொன்னாத்தான் இறக்க முடியும்.” போட்டேன். இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரீப்பர் என்கிற மெல்லிய கட்டைகளைக் காற்றுப் போக இடையில் கொடுத்து அடுக்கலாம் என்று ஒவ்வொரு பலகையாக எடுத்தேன். ஐந்தாவது பலகையிலேயே கையில் பழுப்புச் சாயம் ஒட்டியது. இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுத்தேன். உள்ளே வெள்ளை. பால் கலரில் வெள்ளை, நடுநடுவே நீலக்கறுப்புக் கீற்று. மேலே வைத்திருந்த நான்கு மட்டும் தேக்கு. மிச்சம் 24 பலகையும் இதே கதை.

ஆணி ஓட்டைகளையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். தேக்கில் இரும்பு ஆணி வருஷக்கணக்காக இருந்தால், ஓட்டையைச் சுற்றிக் கறுப்புப் பாய்ந்திருக்கும். மேலே இருந்த நான்கு பலகையில் அப்படியே இருந்தது. இந்த 24-இல் ஓட்டை மட்டும் இருக்கிறது, கறுப்பு இல்லை. அதாவது ஆணியை அடித்து, பிடுங்கி, மேலே சுண்ணாம்பும் தடவியிருக்கிறார்கள். இவ்வளவு பாடுபடுவதற்கு உழைத்தே பிழைக்கலாம்.

ஆசாரி அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். வந்து ஒரு சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தார். “மக்களே, இது ரப்பராக்கும்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு என் முகத்தைப் பார்க்கச் சங்கடம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை இழைத்த இடத்தில் ஒரு சொட்டு விட்டேன். கொஞ்ச நேரத்தில் நீலக்கறுப்பு. தேக்குத் துண்டில் விட்டதோ பழுப்பாகவே நின்றது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதுதான் காட்டிக்கொடுக்கிறது. சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் வருஷாவருஷம் பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டுகிற சோதனை! பணம் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

ரப்பர் மரத்தைக் குறை சொல்லவில்லை. குலசேகரம் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர்தான். பால் வற்றிய மரத்தை வெட்டியதும் போரிக் அமிலமும் போராக்ஸும் ஏற்றி, சூளையில் காயவைத்தால் நல்ல மேசை நாற்காலி செய்யலாம், செய்கிறார்கள். மருந்து ஏற்றாத ரப்பர்தான் வம்பு. அந்த மாவுச்சத்துக்கு வண்டு வரும், பூஞ்சை வரும். நான் பார்த்த நீலக்கீற்று பூஞ்சைதான். எடையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, காய்ந்த ரப்பரும் தேக்கும் கையில் ஏறக்குறைய ஒரே கனம்தான்.

அளவிலும் ஏமாற்றியிருக்கிறார். ஒரு இஞ்சு என்றது 6 நூல், அதாவது முக்கால் இஞ்சு. அகலம் 6 இஞ்சு என்றது ஐந்தரை. நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் இஞ்சிலும் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. நான் போட்டுப் பார்த்தேன், 28 பலகைக்கும் சேர்த்து 4.8 கன அடிதான் வருகிறது. 7 கன அடிக்குப் பணம் வாங்கியிருக்கிறார். மரமும் பொய், அளவும் பொய்.

அன்றே போன் செய்தேன். முதல் தடவை, “அப்படியா அக்கா? லோடு ஏத்துன பையன் மாத்திட்டான் போல. நாளைக்கே ஆள் அனுப்பறேன்.” வரவில்லை. புதன்கிழமை, “வண்டி ரிப்பேர்.” வெள்ளிக்கிழமை, “வீட்ல ஒரு துக்கம் அக்கா.” நானும் பாவம் என்று மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை குரலே மாறிவிட்டது. “நான் தேக்குதான் அனுப்பினேன். உங்க வீட்ல வந்து மாறுனதுக்கு நான் என்ன செய்ய?” இழைத்த படத்தையும் அயோடின் படத்தையும் அனுப்பியிருக்கிறேனே என்றேன். அதற்கு வந்த பதில்: “வீட்ல ஆம்பிள யாராவது இருந்தா போனைக் குடுங்க. மரத்தைப் பத்திப் பேசணும்.”

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். அவருக்கு இழைப்புளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கூடத் தெரியாது. அவரிடம் மரத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம்.

அதற்குப் பிறகு என் நம்பரைத் தடுத்துவிட்டார். மாமியின் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் துண்டித்தார். ஒரு நாள் லீவு போட்டு, வடசேரியில் பஸ் ஏறித் தக்கலைக்குப் போய், விளம்பரத்தில் இருந்த இடத்தைத் தேடினேன். ஷட்டர் போட்ட ஒரு குடோன். பக்கத்து டீக்கடையில் கேட்டால், “எப்பவாவது ராத்திரி வண்டி வரும் அக்கா” என்றார்கள். அந்த ஆப்புக்குப் புகார் எழுதினேன். மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது: வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, உங்கள் கருத்துக்கு நன்றி. 19,500 ரூபாய் போனது என் கருத்தாம்.

வீட்டில் மாமி, “கடையில ரெடிமேடா ஒண்ணு வாங்கியிருந்தா இந்தத் தொல்லை இல்லல்லா” என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கண்ணாடிக் கடையில் 4 மில்லிமீட்டர் கண்ணாடி வேறு அளவு கொடுத்து அறுத்து வாங்கியாயிற்று, அது 2,100. அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த நான்கு தேக்குப் பலகையையும் கணக்கில் கழிக்க மாட்டேன், அது எனக்குப் போட்ட தூண்டில்.

முந்தாநாள் பெருக்கும்போது அடுக்குக்குக் கீழே கோலமாவு சிந்தினது போல வெள்ளைத் தூள். பலகையில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள். உளுக்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகளின் புத்தக அலமாரி பக்கத்தில்தான் இருக்கிறது, அதுவும் பலாமரம். நல்ல வேளையாக வெள்ளை, அதாவது மரத்தின் வெளிச்சுற்றில் இருக்கிற, வண்டு தின்கிற வெளிர்ப் பகுதி, இல்லாத பலகையாகப் பார்த்துப் போட்டிருந்தேன். ஆனாலும் பயத்தில் நேற்று நானும் மகனுமாக 24 பலகையையும் முற்றத்துக்கு இழுத்துப் போட்டோம். விறகுக்குத்தான்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகாரும், பணம் போனில் போனதால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் ஒரு புகாரும் பதிவு செய்திருக்கிறேன். பில் கேட்டு வாங்காதது என் தப்பு. கையில் இருப்பது பணம் அனுப்பிய விவரமும் வாட்ஸ்ஆப் பேச்சும்தான்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், மணி பன்னிரண்டாகிவிட்டது, காலையில் பள்ளிக்கூடம். சுருக்கமாகச் சொல்கிறேன். பகலில் இறக்கச் சொல்லுங்கள், இரவு என்றால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். அடுக்கின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் நீங்களே உருவி எடுத்து இழைத்துப் பாருங்கள், அவர்கள் தரும் சாம்பிள் வேண்டாம். டேப்பை வைத்து அளந்து, பில் வாங்கி, அப்புறம் பணம். கையில் ஒரு சின்னப் பாட்டில் அயோடின் இருக்கட்டும். முடிந்தால் ஒரு ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்குக் கொடுக்கிற கூலி 19,500 ஆகாது.

இன்றைக்கே உட்கார்ந்து எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. சாயங்காலம் அந்த ஆப்பைத் திறந்தால் விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதே படம், அதே சுண்ணாம்புக் கறை. பெயரும் நம்பரும் மட்டும் வேறு. விலை 2,600-லிருந்து 2,400 ஆகியிருக்கிறது. கீழே ஒருவர் ‘தச்சுவேலை பழகுகிறேன், 3 கன அடி கிடைக்குமா?’ என்று கேட்டிருக்கிறார். பதில் எழுதலாம் என்று பார்த்தால், என் கணக்கை அங்கே முடக்கி வைத்திருக்கிறார்கள். தம்பியோ தங்கையோ, நீங்கள் இதைப் படித்தால் இன்றிரவு முன்பணம் அனுப்ப வேண்டாம்.