மைக்கேல் ஸ்வானின் ‘பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்’: 12 வருடமாக என் மேஜையில்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். சாம்பிள் அனுப்பியது, சாயம் ஒத்துவராதது, கப்பல் தேதி தள்ளிப்போனது என்று நாள் முழுவதும் ஆங்கிலத்தில்தான் கடிதம். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொன்னதில்லை. நானும் அப்படி நினைத்ததில்லை.

ஒரு முறை லண்டனிலிருந்து வந்திருந்த பையரிடம் (எங்களிடம் சரக்கு வாங்குபவர்) ‘ஹௌ லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?’ என்று கேட்டேன். ஊருக்கு வந்து எத்தனை நாளாகிறது என்பதுதான் நான் கேட்க நினைத்தது. ‘வெள்ளிக்கிழமை வரை’ என்றார். கேள்வி சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். சில மாதங்கள் கழித்து நூலகத்தில் இந்த நூலைப் புரட்டியபோது அதே கேள்வி அச்சில் இருந்தது. அப்படிக் கேட்டால் எதுவரை இருப்பீர்கள் என்றுதான் பொருள். வந்து எத்தனை நாள் என்று அறிய ‘ஹேவ் யூ பீன்’ வர வேண்டும். நான் கேட்ட கேள்விக்கு அவர் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறார். அந்த வாரமே நூலை வாங்கினேன்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 1980இல் முதலில் வெளியிட்ட நூல் இது. நான் வாங்கியது 2005இல் வந்த மூன்றாம் பதிப்பு. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கும் பாடநூல் அல்ல. சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்ப்பதற்கானது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சரியான வாக்கியத்தின் அருகிலேயே தவறான வாக்கியத்தையும் அச்சிட்டு அதன்மேல் கோடு போட்டிருப்பது. என் கடிதங்களில் இருந்த வாக்கியங்கள் அப்படிக் கோடு விழுந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான் என் கை தயங்கக் கற்றது. முன்பக்கங்களில் 130 தவறுகளின் பட்டியலும் உண்டு. அதை முதலில் படித்துவிடுங்கள்.

ஆனால் அந்தத் தவறு ஏன் நம் கையில் வருகிறது என்பதை நூல் சொல்லாது. உலகத்துக்கே எழுதிய நூல். தமிழுக்கென்று தனியாக எதுவும் சொல்ல அதில் இடமில்லை. அந்த வேலையை நான் பென்சிலால் ஓரத்தில் செய்துகொண்டேன். ‘வீ ஹேவ் சென்ட் த சாம்பிள்ஸ் யெஸ்டர்டே’ என்று பல வருடம் எழுதியிருக்கிறேன். ‘நேற்றே அனுப்பிவிட்டோம்’ என்பதன் அச்சு அது. நம் ‘விட்டோம்’ நேற்றோடு இயல்பாகச் சேரும்; ஆங்கிலத்தின் ‘ஹேவ் சென்ட்’ சேராது. முடிந்துபோன நாளைக் குறிப்பிட்டால் வெறும் ‘சென்ட்’ போதும். அதேபோல், ‘துணி வரும்போது’ என்கிறோம். ‘வரும்’ என்பதிலேயே எதிர்காலம் இருப்பதால் ‘வென் த ஃபேப்ரிக் வில் அரைவ்’ என்று எழுதத் தோன்றுகிறது. அந்த இடத்தில் ‘வில்’ கூடாது, ‘அரைவ்ஸ்’ என்று நிகழ்காலம்தான் வர வேண்டும்.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் முன் ‘த’ எங்கே வரும், ‘அ’ எங்கே வரும் என்பதற்கு ஸ்வான் பல பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். தெளிவாகவே இருக்கின்றன. ஆனாலும் எனக்கு அது பிடிபட்டது நம் ‘ஐ’ உருபால்தான். ‘கடிதம் எழுதினேன்’ என்றால் ஏதோ ஒரு கடிதம். ‘கடிதத்தை எழுதினேன்’ என்றால் நீங்களும் நானும் அறிந்த அந்தக் கடிதம். இதை ஓரத்தில் எழுதி வைத்த நாளிலிருந்து பாதிச் சந்தேகம் தீர்ந்தது. எழுவாய்க்கு இந்த வழி உதவாது, அதற்கு நூலிடம்தான் போக வேண்டும்.

2016இல் வந்த நான்காம் பதிப்பும் என்னிடம் இருக்கிறது. அதில் இலக்கணத்தைத் தலைப்பு வாரியாகப் பிரித்துவிட்டார்கள். உட்கார்ந்து படிக்க அது மேல். கடிதத்தின் நடுவே அவசரமாகத் தேட, எல்லாம் அகர வரிசையில் இருந்த மூன்றாம் பதிப்பே எனக்கு வசதி. இரண்டுக்கும் அளவுகோல் பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலம்தான். நம்மூர் அலுவலகங்களில் புழங்கும் தனி ஆங்கிலத்துக்கு வழிகாட்டியாக இதை வாங்க வேண்டாம். ஆங்கிலம் இப்போதுதான் கற்கத் தொடங்கியவர்களுக்கும் இது சுமை. தினமும் எழுதுகிறவர்கள், தங்கள் வாக்கியத்தில் ஏதோ இடறுகிறது என்று உணர்கிறவர்கள், தயங்காமல் வாங்கலாம்.

என் பழைய பிரதி இப்போது அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் இருக்கிறது. போன வாரம் ஒரு சந்தேகத்துக்காக வாங்கிப் பார்த்தேன். ‘சஜஸ்டட் மீ’ என்பது தவறு என்று காட்டும் இடத்தில், ஓரத்தில் அவள் கையெழுத்து: ‘எனக்கு யோசனை சொன்னார் — இந்த எனக்கு-தான் காரணம் அக்கா.’