வீட்டு வரியா, விற்பனை வரியா? மிச்சிகன் பள்ளிகளின் இரு வழிகள்

அமெரிக்காவின் மிச்சிகனில் 1994 வரை சிற்றூர்ப் பள்ளிகள் பெரும்பாலும் உள்ளூர்ச் சொத்து வரியையே நம்பியிருந்தன. ஊரார் வாக்களித்து விகிதத்தை முடிவு செய்வார்கள். பணம் ஊரிலேயே தங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்காஸ்கா என்ற சிற்றூரில் வாக்காளர்கள் கூடுதல் வரிக்கு மறுத்துவிட, 1993 மார்ச்சிலேயே பள்ளிகளை இழுத்து மூடினார்கள். கல்வியாண்டு முடிய இரண்டு மாதங்களுக்கும் மேல் இருந்தது! ஆலையோ ஏரிக்கரை மாளிகைகளோ இல்லாத ஊர், விகிதத்தை எவ்வளவு உயர்த்தினாலும் கிடைப்பது சொற்பம்.

மற்றது, 1994 மார்ச்சில் வாக்காளர்கள் ஏற்ற ‘முன்மொழிவு ஏ’. விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6 ஆனது; சொந்த வீட்டில் குடியிருப்போரின் பள்ளி வரி வெகுவாக இறங்கியது. மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று மாநிலம் தொகையை நிர்ணயிக்கிறது. ஏழை ஊர்களுக்கு இதுவே மேல் என்பேன். குறையும் உண்டு: மந்தநிலையில் கடை வியாபாரம் படுத்தால் விற்பனை வரியும் படுத்துவிடும், சொத்து வரி அவ்வளவு ஆடாது. முப்பது பிள்ளைகள் வெளியேறினால் அவர்களுக்கான பணமும் போய்விடும், பள்ளிப் பேருந்தின் செலவோ குறையாது. கட்டடச் செலவுக்கு மட்டும் இன்றும் பெரும்பாலும் உள்ளூர்ச் சொத்து வரிதான். பழைய ஏற்றத்தாழ்வு அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது.