கண்ணோரக் கருமைக்கு வெள்ளை டப்பா கொடுத்தால் வாங்காதீர்கள்

மூக்கை ஒட்டிய உள்கண் ஓரம் எனக்குப் பள்ளிக்காலத்திலிருந்தே கறுப்புத்தான். தங்கை கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த அக்கா ஏன் கறுத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பத்து சிட்டிங் வாம்மா, சுத்தமாப் போயிடும்" என்றார். 980 வெள்ளியை அன்றே கட்டினேன். இரவில் பூச ஒரு சின்ன வெள்ளை டப்பாவும் கொடுத்தார். தயாரிப்பாளர் பெயர், சேர்மானம், காலாவதித் தேதி எதுவும் அதில் இல்லை. மூடியில் பேனாவால் "ராத்திரி" என்று மட்டும் எழுதியிருந்தது.

ஐந்தாறு நாளில் நிறம் தெளிந்தது. நான் ஏமாந்தது அதில்தான். மூன்றாவது வாரம் எரிச்சல் தொடங்கியது. ஓர் இரவு பூசாவிட்டால் மறுநாள் சிவந்து அரிக்கும். தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, அடியில் ஊதா நரம்பு தெரிந்தது. கேட்டதற்கு, "அழுக்கு வெளிய வருது, நிறுத்திடாதீங்க" என்றார்கள்.

பயந்துபோய்ப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனேன். இவ்வளவு வேகமாக வெளுத்தால் ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் வீரியமான மருந்து) கலந்திருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்றார் டாக்டர். கண்ணருகே அதை நாள்கணக்கில் பூசினால் கண் அழுத்தம் கூடும், பார்வை நரம்பே பாதிக்கப்படலாம் என்று கண் பரிசோதனைக்கும் அனுப்பினார். நல்லவேளை, அழுத்தம் சரியாக இருந்தது. பாதரசம் கலந்த வெளுப்புக் கிரீம்களும் உண்டு, அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சுகாதார அறிவியல் ஆணையம் இதுபற்றி எச்சரித்திருக்கிறது.

அப்புறம் டாக்டர் கேட்டார்: "காலையில தும்மல் வருமா? கண்ணைக் கசக்குவீங்களா?" சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தூசி ஒவ்வாமை. ஓயாமல் கசக்கினால் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கருமை படிந்துவிடுமாம். டார்ச்சைச் சாய்த்து அடித்துக் கண்ணாடியில் காட்டினார்: நான் கருமை என்று நினைத்ததில் பாதி, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் நிழல்! அதைக் கிரீம் என்ன செய்யும்? இப்போது ஒவ்வாமைக்கு மருந்து, வாரம் ஒருமுறை சுடுநீரில் தலையணை உறை, வெயிலுக்கு சன்ஸ்கிரீன். மெதுவாகத்தான் குறைகிறது.

மீதி ஆறு சிட்டிங்கின் பணத்தைத் தர மறுக்கிறார்கள். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். சரிவராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம், பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீதும் டப்பாவும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நீங்களும் இப்படி ஒன்றைப் பூசிக்கொண்டிருந்தால், டப்பாவைத் தூக்கி எறியாமல் இந்த வாரமே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.