எலக்ட்ரோன் பீட்டாவோடு சில வருடங்கள்: திருகோணமலையிலிருந்து ஒரு முறைப்பாடு

மட்டக்களப்பில் மென்பொருள் எழுதும் நண்பர் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "எலக்ட்ரோனின் அடுத்த பதிப்பு பீட்டாவுக்கு வந்துவிட்டதாமே, அதை வைத்தே வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடலாமா?" பேச்சை முடிப்பதற்குள் மின்சாரம் போய், ரவுட்டர் அணைந்து, அழைப்பும் நின்றுவிட்டது. அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன். எலக்ட்ரோன் என்பது வலைப்பக்கம் எழுதும் முறையிலேயே கணினி மென்பொருள் செய்ய உதவும் கட்டமைப்பு, பீட்டா என்பது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு. அதற்குமேல், எலக்ட்ரோனுக்குள் குரோமியம் உலாவியும், ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோடும் எப்படிக் குடியிருக்கின்றன என்றெல்லாம் விளக்கப் போவதில்லை. அது தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியே வரும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். அறை வாடகை, இராச் சாப்பாடு, புறாத்தீவுப் படகு என்று எல்லாம் ஒரே பற்றுச்சீட்டில் வர வேண்டும். சீட்டில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் இருக்க வேண்டும். முன்பெல்லாம் இதைப் பாமினி எழுத்துருவை வைத்துச் சமாளித்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை நிற்கும். சிங்களத்துக்கு வேறோர் எழுத்துரு, வேறொரு விசைப்பலகை, வேறொரு தலைவலி. சிறிய தெர்மல் அச்சுப்பொறிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகளே கிடையாது. உரையாக அனுப்பினால் கேள்விக்குறிகளைக் கக்கும்.

எலக்ட்ரோனிடம் நான் மயங்கியது இங்கேதான். பற்றுச்சீட்டை ஒரு வலைப்பக்கமாக எழுதி, அச்சுப்பொறியின் டிரைவர் வழியாக அனுப்பினால், திரையில் தெரிந்தது அப்படியே தாளில் விழுகிறது. எழுத்துகளைக் கோக்கும் வேலையைக் குரோமியத்துக்குள் இருக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் பார்த்துக்கொள்கிறது. எங்கள் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சிங்களத்தில் எழுதும்போது முதல் எழுத்தில் ரகரம் அடியில் ஒட்டி நிற்க வேண்டும். அதற்கு யூனிகோடில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி தேவை. அதை மதிக்காத மென்பொருளில் எழுத்து உடைந்து இரண்டாக நிற்கும், விடுதிக்கு வரும் அரச உத்தியோகத்தர் அதைப் பார்த்துச் சிரிப்பார். எலக்ட்ரோனில் அது உடைந்து நான் பார்த்ததில்லை. விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யுஐ எழுத்துருவில் தமிழும் சிங்களமும் சேர்ந்தே இருப்பதால் வேறெதையும் நிறுவவும் தேவையில்லை. நடுவில் ஒரு குறிப்பு: 80 மில்லிமீற்றர் தாளில் தமிழை ஆங்கிலத்தின் அளவிலேயே அச்சிடாதீர்கள். ணகரமும் ஞகரமும் மைப்பொட்டாகிவிடும்.

பீட்டாவால் மட்டும் கிடைத்த சந்தோஷம் ஒன்றும் உண்டு. 2024 கடைசியில், மழையும் வெள்ளமுமாக ஊர் ஓய்ந்து கிடந்த நாட்களில், எலக்ட்ரோன் 34இன் பீட்டாவை எடுத்துப் பார்த்தேன். அதற்குள் இருந்தது குரோமியம் 132. அச்சுப் பக்கத்தின் ஓரங்களில் எழுதுவதற்கான சிஎஸ்எஸ் (வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) வசதி குரோமியத்துக்கு வந்ததே 131இல்தான். மாதக் கணக்கு அறிக்கையின் அடியில் "பக்கம் 3 / 7" என்று தமிழில் போடுவதற்கு அதுவரை நான் எழுதி வைத்திருந்த ஜாவாஸ்கிரிப்ட், பக்கத்தின் உயரத்தை அளந்து, வரிகளை எண்ணி, இடம் பார்த்து வெட்டும் ஒரு கோரம். அத்தனையையும் அழித்துவிட்டுச் சில வரி சிஎஸ்எஸ் எழுதினேன். எண் சரியாக விழுந்தது. நிரல் எழுதுகிறவனுக்கு எழுதுவதைவிட அழிப்பதில்தான் இன்பம். அன்று இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், பீட்டாவை உடனே போடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். பெரிய எரிச்சல் ஒன்றுதான். ஆனால் அது ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் தவறாமல் வருகிறது.

என் மென்பொருள் கணக்குகளை எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பில் வைக்கிறது. அந்தக் கோப்பைத் திறக்க சி பிளஸ் பிளஸில் எழுதி, கணினி நேரே ஓட்டும் வடிவத்துக்குக் கட்டிய (கம்பைல் செய்த) ஒரு துணை நிரல், அதாவது நேட்டிவ் மாட்யூல், வேண்டும். எலக்ட்ரோனின் பெரிய பதிப்பு மாறினால் மாட்யூல் பதிப்பு எண்ணும் மாறும். பழைய எண்ணுக்குக் கட்டிய மாட்யூலைப் புதிய ரன்டைம் உள்ளே விடாது. வெளியான பதிப்பாக இருந்தால் கவலையில்லை. மாட்யூலை எழுதியவர்கள் ஏற்கெனவே கட்டி வைத்த கோப்பு இறங்கும், வேலை முடியும். பீட்டாவுக்கு அப்படிக் கட்டி வைப்பவர் அரிது. அதற்கும் முன்னால், எந்த எலக்ட்ரோனுக்கு எந்த எண் என்ற பட்டியலை வைத்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு பேக்கேஜ் இருக்கிறது. அந்தப் பட்டியலில் புதிய பீட்டா இன்னும் ஏறியிருக்காவிட்டால், எண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு வரியை எழுதிவிட்டு எல்லாம் நின்றுவிடும். அந்தப் பேக்கேஜை நான் நேரடியாகக் கேட்டு வாங்கவில்லை. வேறெதற்கோ கீழே, அதற்கும் கீழே ஒளிந்திருக்கிறது. தேடிப் பிடித்துப் புதுப்பிக்க வேண்டும்.

பிடித்தாயிற்று என்று வையுங்கள். இனி மாட்யூலை நாமே கட்ட வேண்டும். பைதன் வேண்டும். விஷுவல் ஸ்டூடியோவின் பில்ட் கருவிகள் வேண்டும். அவை வட்டில் பல கிகாபைட் இடத்தைப் பிடிக்கின்றன. அந்தப் பதிப்புக்குரிய தலைப்புக் கோப்புகள் (header files) தனியாக இறங்க வேண்டும். எலக்ட்ரோனின் சுருக்கக் கோப்பு (zip) நூறு மெகாபைட்டுக்கு மேல். அடுத்த பீட்டாவுக்கு அது மறுபடியும் முழுதாக இறங்கும், முன்பு இறக்கியதால் எதுவும் மிச்சமாகாது. என் வீட்டு இணைப்பு மழைக்காலத்தில் சொல்லாமலே போய்விடும். பிறகு கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்தான், டேட்டாவுக்குக் காசு கொடுப்பவன் நான்தான். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது இந்த வேலையைச் செய்தவனுக்கு, "மீண்டும் கட்டுகிறது" என்ற வரியைக் கண்டாலே இன்றைக்கும் கை மின்கலத்தின் சதவீதத்தைப் பார்க்கப் போகும்.

எல்லாம் இறங்கிய பின்னும் கட்டும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எலக்ட்ரோன் 21இல், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எஞ்சினின் நினைவகக் கூண்டு வந்தது; வெளியே ஒதுக்கிய நினைவகத்தை ஜாவாஸ்கிரிப்டுக்குள் நேராகக் கொடுத்துவந்த மாட்யூல்கள் அன்றே நின்றன. 33 முதல் நேட்டிவ் மாட்யூல்களை சி பிளஸ் பிளஸ் 20 தரத்தில் கட்ட வேண்டும் என்றாயிற்று. கட்டும் அமைப்பில் 17 என்று எழுதி வைத்திருந்தவர்களுக்கு ஒரு வார இறுதி போயிற்று. இவற்றில் ஒன்றும் இரகசியமாக நடந்ததில்லை. எது உடையப் போகிறது என்று ஒரு பட்டியலை எலக்ட்ரோன் குழு முன்கூட்டியே வெளியிடுகிறது, அதுவும் தெளிவாக. பீட்டாவில் நான் பட்ட அடியை, பீட்டா பார்க்காதவர் வெளியீட்டு நாளில், வாடிக்கையாளர் முன்னால் படுகிறார். நியாயமாகப் பேசினால் என் எரிச்சலுக்கு உரிய இடம் எலக்ட்ரோனே இல்லை. பதிப்பு மாறினாலும் மாறாத நோட்-ஏபிஐ என்ற இடைமுகம் 2018இல் நோட் 10 முதலே நிலையாக இருக்கிறது. அதன் மேல் எழுதியிருந்தால் இந்தக் கட்டும் வேலையில் பெரும்பகுதி இல்லாமலே போயிருக்கும். எழுதாதது மாட்யூலை எழுதியவர்களின் தெரிவு. அவர்களும் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள், அவர்களை நான் என்னவென்று கேட்பது? ஆக யாரையும் திட்ட முடியாது. அதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது.

திட்டக்கூடிய ஒன்று எலக்ட்ரோனிடமே இருக்கிறது. அச்சுப்பொறிக்கு நேரே அனுப்பும்போது தாளின் அளவை மைக்ரோனில் கொடுக்க வேண்டும்: 80 மில்லிமீற்றர் என்றால் 80000. அதே பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்குவதென்றால், 21ஆம் பதிப்பு முதல், அங்குலத்தில்: 3.15. ஒரே பொருள், ஒரே சீட்டு, பக்கத்துப் பக்கத்து இரண்டு செயற்கூறுகள். இதற்குக் காரணமும் உண்டு, குரோமியத்தின் நெறிமுறையோடு ஒத்துப்போகச் செய்தார்களாம். காரணம் இருக்கட்டும். மைக்ரோன் எண்ணை அங்குல இடத்தில் கொடுத்தால் என்ன நீளத்தில் தாள் கேட்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கலண்டர். 2021 செப்டெம்பரில் வந்த 15ஆம் பதிப்பு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு. கடைசி மூன்றுக்கு மட்டுமே ஆதரவு. அதாவது ஒரு பதிப்பின் ஆயுள் அரை வருடத்துக்கும் சற்றுக் குறைவு. எங்கள் கடற்கரையின் பருவம் ஏப்ரலில் சூடு பிடித்து செப்டெம்பரில் இறங்கும். அந்த நேரத்தில் எந்த விடுதி முதலாளியும் தன் கணினியில் கைவைக்க விடமாட்டார், விடவும் கூடாது. மார்ச்சில் புத்தம் புதிதாக நிறுவிக் கொடுத்தது பருவம் முடியும்போது ஆதரவு இழந்த பழைய பதிப்பு. அதனால்தான் நான் பீட்டாவைத் தொடுகிறேன். பெப்ரவரியிலேயே அடுத்த பதிப்பைப் பீட்டாவாகச் சோதித்து வைத்தால், அது வெளியான உடனே நிறுவி, பருவத்துக்குள் இன்னும் சில வாரங்களை மிச்சம் பிடிக்கலாம். பீட்டாவின் முழுப் பயன் எனக்கு அந்தச் சில வாரங்கள்தான்.

பழைய கணினிகள் கதை வேறு. 2023 பெப்ரவரியில் வந்த 23ஆம் பதிப்போடு விண்டோஸ் 7க்கும் 8க்கும் கதவு சாத்தப்பட்டது. 22ஆம் பதிப்பை மட்டும் அதே வருடம் ஒக்டோபர் 10 வரை நீட்டித் தாங்கினார்கள், அதற்கு நன்றி. டொலர் ஏறி, கணினி விலை எட்டாத உயரத்துக்குப் போன காலம் அது. "ஓடுகிற கணினியை எதற்குத் தம்பி மாற்ற வேண்டும்?" என்று கேட்ட முதலாளிக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

மாற்று இல்லையா என்பீர்கள். எலக்ட்ரோன் போலவே வலைப்பக்கத்தை வைத்து மென்பொருள் செய்யும் டவுரி இருக்கிறது, 2024 ஒக்டோபரில் 2.0 வந்தது. நிறுவும் கோப்பு சிறியது, அழகானது. ஆனால் விண்டோஸில் அது நம்பியிருப்பது மைக்ரோசொஃப்டின் உலாவிக் கூறான வெப்வியூ2ஐ. அது வாடிக்கையாளரின் கணினியில் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் சாமான். இன்று என் சீட்டு சரியாக அச்சானது, நாளைக்கும் அதே உலாவியில்தான் அச்சாகும் என்று நான் கைப்பட எழுதிக் கொடுக்க முடியாது. குறிப்பிட்ட பதிப்பைக் கூடவே கட்டிக் கொடுக்கலாம், அப்போது அளவு மறுபடியும் எலக்ட்ரோன் பக்கம் போய்விடும். மைக்ரோசொஃப்டின் மென்பொருள் தளமான டொட்நெட் பக்கத்தில் நான் பொறாமைப்படுவது ஒன்றுதான். பெப்ரவரியிலிருந்து முன்னோட்டங்கள், செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் வெளியீட்டு வேட்பாளர்கள், நவம்பரில் பதிப்பு. அந்த வேட்பாளர் கட்டத்துக்கு வந்ததும் "இதை வாடிக்கையாளரிடம் ஓட்டலாம், ஆதரவு தருகிறோம்" என்று கோ-லைவ் உரிமத்தோடு எழுதியே கொடுத்துவிடுகிறார்கள். எலக்ட்ரோனின் பீட்டாவில் அப்படி ஒரு கோடு கிடையாது. முதல் பீட்டாவும் கடைசி பீட்டாவும் பெயரளவில் ஒன்றே, எது பழுத்தது எது காய் என்று நாமே அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஆகவே நண்பருக்கு: வேண்டாம். தமிழ் எழுத்து, அச்சு, வேகம் எல்லாவற்றிலும் அது நன்றாகத்தான் இருக்கிறது, எலக்ட்ரோன் 34இன் பீட்டா என் கணினியில் ஒரு தடவைகூட விழவில்லை. இருந்தும் வேண்டாம். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் இன்றைக்கு இரண்டு கொடுப்பேன். நேற்றிரவு கட்டத் தொடங்கிய மாட்யூல் இன்னும் கட்டி முடியவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

கேட்காமல் எப்படியும் போடத்தான் போகிறீர்கள் என்றால், தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் என்பிஎம் கோப்பில் (package.json) பதிப்பு எண்ணை முழுதாக, முன்னால் எந்தக் குறியும் இல்லாமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பீட்டா உங்களைக் கேட்காமலே உள்ளே வந்து உட்காரும். நேட்டிவ் மாட்யூல் கட்டி முடிந்ததும் அந்தக் கோப்பை எடுத்துத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த தடவை இணைப்பு இருக்கும் என்று நம்பாதீர்கள். சிங்களத்திலும் தமிழிலும் ஒரு சீட்டை அச்சிட்டுக் கையில் பிடித்துப் பார்க்காமல் விடுதிப் பக்கம் போகாதீர்கள். நான் 35இன் பீட்டாவையும் இப்படித்தான் போட்டேன், அதற்கு அடுத்ததையும் போட்டேன்.