நீச்சல் குளத்தை யார் பொறுப்பில் விடுவது: ஒப்பந்ததாரர், தன்னார்வக் குழு, சொந்தப் பணியாளர் – ஓர் ஒப்பீடு

குடியிருப்போர் சங்கமானாலும் உடற்பயிற்சி மன்றமானாலும், ஒரு நீச்சல் குளம் பொறுப்பில் வந்து சேர்ந்தவுடன் கூட்டங்களில் முதலில் பேசப்படுவது கட்டணமும் நேர அட்டவணையும்தான். அதற்கடுத்து எந்தக் குளோரின் வாங்குவது என்ற பேச்சு வரும். குளத்தை அன்றாடம் நடத்தப்போவது யார் என்ற கேள்வியோ கடைசியாகத்தான் வந்து, குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவர் யாரோ அவரே என்று முடிந்துவிடும். குளப் பராமரிப்புக் குழுவில் ஏழு ஆண்டுகள் இருந்து மூன்று ஏற்பாடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தவன் என்ற முறையில், இந்த வரிசையையே மாற்ற வேண்டும் என்று கருதுகிறேன். எந்த வேதிப்பொருள் பொருந்தும், ஒரு நாளில் எத்தனை வகுப்புகளை நீர் தாங்கும், அவசரத்தில் குளத்தை மூடும் துணிவு யாருக்கு இருக்கும் என்பவை எல்லாம் நடத்துபவரைப் பொறுத்தே அமைகின்றன.

தூய்மைப் பணி, வேதிப்பொருள், இயந்திர அறை, உயிர்காப்பாளர், பயிற்சி வகுப்பு ஆகிய அனைத்தையும் ஒரே நிறுவனத்திடம் கொடுப்பது முழு ஒப்பந்தம். இதன் வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பம்ப் பழுதானால் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆள் விடுப்பில் போனால் மாற்று ஆள் வருவார். ஃபில்டர் மணலை எப்போது மாற்ற வேண்டும், பேக்வாஷ், அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்தி ஃபில்டரைக் கழுவுவது, எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதெல்லாம் பல குளங்களைப் பார்த்துப் பழகிய ஒருவருக்குக் கண் பார்வையிலேயே தெரியும். ஆனால் பல குளங்களைப் பார்க்கும் ஒருவர் எந்தக் குளத்தருகிலும் நீண்ட நேரம் நிற்பதில்லை. காலையில் வருவார், வலை போட்டு இலைகளை அள்ளுவார், மிதவையில் குளோரின் மாத்திரைகளை நிரப்புவார், பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புவார். அவர் சோம்பேறி அல்லர். ஒப்பந்தத்தின் கணக்கு அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

மாத்திரை அவருடைய விருப்பமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ட்ரைக்ளோர் எனப்படும் இந்த மாத்திரையில் பயன்படு குளோரின் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கும், மெதுவாகக் கரையும், ஆள் இல்லாத நேரத்திலும் வேலை செய்யும். வெயில் விழும் திறந்த குளத்தில் வெறும் குளோரின் சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும் என்பதால், மாத்திரையுடன் சேர்ந்தே வரும் சயனூரிக் அமிலம் அதற்கு ஒரு குடைபோல் உதவுகிறது. சிக்கல் என்னவென்றால், குளோரின் தீர்ந்துபோகும், சயனூரிக் அமிலம் தீராது. ட்ரைக்ளோர் வழியாக நீரில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதே ஒரு பிபிஎம்) குளோரின் சேரும்போது சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேர்கிறது. நாளொன்றுக்கு 2 பிபிஎம் குளோரின் செலவாகும் குளத்தில், நீரை மாற்றாமல் விட்டால் மூன்று மாதத்தில் அந்த அமிலம் 100 பிபிஎம்மைத் தாண்டும். உலகச் சுகாதார அமைப்பு 2006-இல் வெளியிட்ட நீச்சல் குள வழிகாட்டி வைத்திருக்கும் உச்ச வரம்பே லிட்டருக்கு 100 மில்லிகிராம்தான். அளவு கூடக் கூட, சோதனையில் குளோரின் இருப்பதாகக் காட்டும். ஆனால் அதில் பெரும்பகுதி அமிலத்துடன் கட்டுண்டு கிடப்பதால் கிருமியைக் கொல்லும் வேகம் குறைந்துகொண்டே போகும்.

எங்கள் குளத்தில் இது தெரியவந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பதிவேட்டில் குளோரின் தினமும் 2 என்று இருந்தது; ஆனால் சுவரோரம் கைவைத்தால் பாசி வழுக்கியது. சயனூரிக் அமிலச் சோதனைக்கு அடியில் கரும்புள்ளி இட்ட ஒரு கண்ணாடிக் குழாய் வரும். வினைப்பொருள் கலந்த குள நீரை அதில் சிறிது சிறிதாக ஊற்றி, கலங்கலில் புள்ளி மறையும் உயரத்தை அளவாகக் கொள்ள வேண்டும். 100 என்ற கோடுதான் குழாயில் மிகக் கீழே இருப்பது. நாங்கள் ஊற்றிய நீர் அந்தக் கோட்டைத் தொடுவதற்கு முன்பே புள்ளி மறைந்துவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட நீரை வெளியேற்றிப் புது நீர் நிரப்புவதைத் தவிர அப்போது நடைமுறையில் வேறு வழியில்லை. ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தபோது, இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்ற வரியே அதில் இல்லை. அந்த வரியைக் கேட்டு வாங்காதது எங்கள் தவறு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதன் பிறகு ஒப்பந்தத்தை முடித்துவிட்டு நாங்களே முறைவைத்துப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினோம். தன்னார்வக் குழுவின் பலம் அக்கறை. தன் பிள்ளை இறங்கும் நீரைச் சோதிப்பவர் சோதனையைத் தவிர்க்க மாட்டார். மாத்திரையைக் கைவிட்டுத் திரவக் குளோரினுக்கு, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மாறியதும் இந்தக் காலத்தில்தான். இதில் சயனூரிக் அமிலம் சேராது. ஆனால் கேனில் இருக்கும்போதே வெப்பத்தால் வலு குறையும், நீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் பிஎச் அளவைச் சற்று மேலே தள்ளும், ஒவ்வொரு நாளும் அளந்து ஊற்ற வேண்டும். அன்றாடம் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டால் மிகச் சிறந்த முறை. ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால் ஆபத்தான முறை.

ஒரு சனிக்கிழமை மாலை ஒருவர் குளோரின் ஊற்றியிருக்கிறார், எழுதி வைக்கவில்லை. ஞாயிறு விடியற்காலை வந்தவர், கூட்டம் வரும் என்று எண்ணித் தானும் ஊற்றியிருக்கிறார். அதற்குப் பின் வந்த நான், குளோரினைச் சோதிக்க உதவும் டிபிடி மாத்திரையை நசுக்கி மாதிரி நீரில் கலக்கினேன். இளஞ்சிவப்பாக மாற வேண்டிய நீர் நிறமில்லாமல் நின்றது. குளோரின் அறவே இல்லை என்று முடிவு செய்து கேனைத் தூக்கியபோது, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர், “ஊத்தாதீங்க தம்பி, ஒரு பங்கு குளத்துத் தண்ணிக்கு ஒன்பது பங்கு நல்ல தண்ணி கலந்து மறுபடி பாருங்க” என்றார். கலந்து பார்த்தால் குழாய் முழுவதும் சிவந்தது. குளோரின் மிகையானால் அது டிபிடி சாயத்தையே வெளுத்துவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அரை மணி நேரத்தில் குழந்தைகளின் வகுப்பு தொடங்க இருந்தது. அக்கறைக்குப் பஞ்சமில்லாத இருவர் அந்த நீரைக் கெடுத்திருந்தார்கள், மூன்றாவதாக நானும் கெடுக்க இருந்தேன். தொடர்ச்சியாகப் பார்க்கும் ஒரே ஒரு கண் அங்கே இல்லாததுதான் காரணம்.

மூன்றாவது ஏற்பாடு, பயிற்சி பெற்ற ஓர் ஆபரேட்டரையும் உயிர்காப்பாளர்களையும் சங்கமே சம்பளத்துக்கு அமர்த்துவது. எங்கள் ஆபரேட்டர் குளம் திறக்கும் முன் ஒருமுறையும், திறந்திருக்கும்போது சில மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளோரினையும் பிஎச் அளவையும் பார்க்கிறார். காரத்தன்மையை வாரந்தோறும், சயனூரிக் அமிலத்தை மாதந்தோறும் பார்க்கிறார். பிஎச் 7.5-இல் இருக்கும்போது குளோரினில் பாதியளவு வீரியமுள்ள வடிவில் இருக்கும், 8-க்கு ஏறினால் அது கால் பங்குக்கும் கீழே போய்விடும் என்பதைப் புத்தகம் சொல்லும். வாட்டர் ஏரோபிக்ஸ் வகுப்பு முடிந்ததும் நம் குளத்தில் எவ்வளவு குளோரின் குறைகிறது என்பதோ அங்கேயே நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

இதன் குறைகளையும் மறைப்பதற்கில்லை. சங்கம் ஒரு முதலாளியாகிவிடுகிறது: சம்பளம், விடுப்பு, மாற்று ஆள், பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் அதன் தலையில் விழுகின்றன. அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் ஒரே அறையில் அருகருகே இருந்து கசிந்து கலந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும். ட்ரைக்ளோரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே வாளியில் அள்ளினால் தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். அந்த அறையில் வேலை செய்பவரின் உயிருக்கு இப்போது நாமே நேரடிப் பொறுப்பு. இந்தப் பொறுப்பை ஏற்க மனமில்லாத சங்கம் இந்த வழிக்கு வராமல் இருப்பதே நல்லது.

ஆளைப் பற்றிய இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கச் சிலர் உப்பு நீர்க் கருவியை நாடுகிறார்கள். சுமார் 3000 முதல் 4000 பிபிஎம் உப்பு கலந்த நீரில் மின்சாரம் பாய்ச்சி அங்கேயே குளோரின் உண்டாக்கும் நல்ல கருவி அது. ஆனால் அதுவும் குளோரின் குளம்தான். பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும், கருவியின் மின்தகடுகளில் சுண்ணாம்பு படியும், யாராவது பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

உயிர்காப்பாளர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முழு ஒப்பந்தங்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் “ஆபரேட்டரும் உயிர்காப்பாளரும் ஒருவரே” என்ற ஏற்பாட்டை எந்த விலைக்கும் ஏற்கக் கூடாது. நீரில் மூழ்குபவர் கையசைத்துக் கூச்சலிடுவார் என்பது பலரின் எண்ணம். நியூயார்க்கில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய ஃபிராங்க் பியா, மீட்புக் காட்சிகளைப் படம்பிடித்து ஆராய்ந்து, மூழ்குபவர் பெரும்பாலும் குரலெழுப்ப இயலாமல், கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நீரைக் கீழே அழுத்தியபடி நிமிர்ந்த நிலையில், 20 முதல் 60 நொடிகளுக்குள் நீருக்கடியில் போய்விடுகிறார் என்று விளக்கினார். ஆபத்தை 10 நொடிக்குள் கண்டறிந்து அடுத்த 20 நொடிக்குள் சென்று சேர வேண்டும் என்று உயிர்காப்பாளர் பயிற்சிகளில் சொல்லித்தரும் கணக்கும் இதை ஒட்டியதே. இயந்திர அறையில் வால்வைத் திருகிக்கொண்டிருப்பவரால் அது ஆகாது. வகுப்பெடுக்கும் பயிற்சியாளராலும் ஆகாது, ஏனெனில் அவர் கண் தன் மாணவர்கள் மீதே இருக்கும்.

நலவாழ்வு வகுப்புகளைப் பொறுத்தவரை வேறுபாடு இந்த அளவுக்குக் கூர்மையானதல்ல. வருமானத்தில் பங்கு பெறும் ஒப்பந்ததாரர் நீச்சல் பயிற்சி வகுப்புகளையே நிரப்புவார், தன்னார்வக் குழுவில் குரல் உயர்ந்தவருக்கு நல்ல நேரம் கிடைக்கும். மார்பளவு நீரில் நிற்பவரின் மூட்டுகள் தாங்கும் எடை, தரையில் நிற்கும்போது தாங்குவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு இந்தக் குளத்தால் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை அதுதான். ஆனால் போட்டி நீச்சலுக்கு ஏற்ற நீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ், மூட்டுவலிக்காரர்களுக்குச் சுகமான நீரோ அதைவிடச் சூடானது. ஒரே குளத்தில் இருவரையும் நிறைவு செய்ய முடியாது என்பதால், வெயிலில் நீர் சூடேறியிருக்கும் வேளையை முதியவர்களுக்கு ஒதுக்கினோம். இதைப் பயிற்சியாளர் முடிவு செய்யக் கூடாது, சங்கம்தான் முடிவு செய்ய வேண்டும். வகுப்பை நடத்த வெளியாள் தாராளமாக வரலாம்.

மூன்று ஏற்பாடுகளும் கடுமையாகச் சோதிக்கப்படுவது ஒரு குழந்தை நீரில் மலம் கழித்துவிடும் நாளில்தான். கெட்டியான மலமென்றால் அகற்றிவிட்டுக் குளோரினை 2 பிபிஎம் அளவிலும் பிஎச் அளவை 7.5-க்கு மேற்படாமலும் வைத்து அரை மணி நேரம் மூடினால் போதும். வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு. அதில் இருக்கக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வழக்கமான குளோரின் அளவில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். அதை அழிக்க 20 பிபிஎம் குளோரினைப் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் நிலைநிறுத்த வேண்டும். அதுவும் சயனூரிக் அமிலம் இல்லாத நீரில். அந்த அமிலம் 15 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் முதலில் நீரை மாற்ற வேண்டும். மாத்திரைக் குளத்தில் இந்த வைத்தியமே செல்லாது. வகுப்புக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டுமே என்று ஒப்பந்ததாரர் தயங்குவார். தன்னார்வலர் அண்டை வீட்டாரின் முகத்துக்கு அஞ்சுவார். எங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தபோது, ஆபரேட்டர் எவரையும் கேட்காமல் விசில் ஊதி அனைவரையும் வெளியேற்றிக் கதவைப் பூட்டிய பிறகே எனக்குத் தகவல் சொன்னார். அந்த அதிகாரத்தை அவரது பணி ஆணையிலேயே எழுதிக் கொடுத்திருந்தோம்.

ஆகவே என் தேர்வு இது: ஆபரேட்டரும் உயிர்காப்பாளரும் சொந்தப் பணியாளர்கள், பம்ப், ஃபில்டர், மின்வேலை ஆகியவை மட்டும் ஆண்டு ஒப்பந்தம், வகுப்புகளுக்கு வெளிப் பயிற்சியாளர், பதிவேட்டை வாரம் ஒருமுறை சரிபார்க்கத் தன்னார்வலர் இருவர். அதற்கான வசதி இல்லாத சிறிய சங்கங்கள் முழு ஒப்பந்தத்துக்கே போகலாம்; ஆனால் சோதனைகளின் பட்டியல், அவற்றின் இடைவெளி, வேறு வேலை இல்லாத உயிர்காப்பாளர், குளத்தை மூடும் அதிகாரம் ஆகிய நான்கையும் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். இன்னொன்று, செலவில்லாதது: நுழைவாயிலில் ஒரு கரும்பலகை. எங்கள் ஆபரேட்டர் காலையில் எடுத்த அளவுகளை நேரத்துடன் அதில் எழுதுகிறார். காலை வகுப்புக்கு வரும் முதியவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் படித்துவிடுகிறார்கள், எழுத ஐந்து நிமிடம் தாமதமானாலும் “இன்னிக்கு எவ்வளவு?” என்று கேட்டுவிட்டுத்தான் படியில் கால் வைக்கிறார்கள்.